ஒரே தோட்டத்திலிருந்து மூன்று பேர்

பதுளையில் கிரிக்கெட் தெரிந்த நான்கு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்: டெஸ்ட் வரலாற்றிலேயே சிறந்த மத்திய வரிசை எது? பசறை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது தொடங்கும் பேச்சு, பசறையில் இறங்கிய பிறகும் ஓயாது. ஒருவர் சங்கக்கார, மஹேல, சமரவீர என்பார். இன்னொருவர் டிராவிட், சச்சின், கங்குலி, லக்ஷ்மன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். வயதான யாராவது பக்கத்தில் நின்றால் விவியன் ரிச்சர்ட்ஸ், கிளைவ் லொயிட் என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் சராசரியைக் கூட்டிப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் இலக்கத்திலிருந்து ஆறாம் இலக்கம் வரை இறங்குகிறவர்களுக்கு வேலை என்ன? ஆரம்ப வீரர்கள் போய்விட்டார்கள். பந்து இன்னும் புதிது. அணி தடுமாறுகிறது. அந்த நேரத்தில் நின்று, அடுத்த நாள் காலை வரை ஆட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். ஆகவே நான் பார்ப்பது, எத்தனை ஓட்டத்துக்கு எத்தனை விக்கெட் போனபோது அவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதையும், எந்த ஊர் மண்ணில் அதைச் செய்தார்கள் என்பதையும்தான்.

நம்முடையவர்களிலிருந்து தொடங்குவோம். 2006 ஜூலை, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம். தென்னாபிரிக்கா 169 ஓட்டங்களுக்குச் சுருண்டிருந்தது. டேல் ஸ்டெய்ன் இரண்டு ஆரம்ப வீரர்களையும் அனுப்பிவிட்டார். 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். அங்கே சேர்ந்த சங்கக்காரவும் மஹேலவும் மறுநாள் முழுக்க ஆட்டமிழக்காமல் நின்றார்கள். மூன்றாம் நாள் சங்கக்கார 287இல் போனபோது இணைப்பாட்டம் 624 ஓட்டங்கள். டெஸ்டில் மட்டுமல்ல, முதல்தரக் கிரிக்கெட் முழுவதிலும் எந்த விக்கெட்டுக்கும் அதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இல்லை. மஹேல 374. தோட்டத்துப் பக்கம் அந்த நாட்களில் பலர் வேறு ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள்: இவர்கள் அடித்து முடித்தால் முரளி பந்து எடுப்பார். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர் என்ற ஒன்றே போதும், முரளிதரன் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். அவர் அந்தப் போட்டியில் 10 விக்கெட் எடுத்தார். மத்திய வரிசை மலைபோல் ஓட்டம் குவித்துக் கொடுத்ததால்தான் முரளிக்கு நின்று நிதானமாக வலை விரிக்க முடிந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆனால் என் கணக்கில் அந்த 374ஐ விடப் பெரிய இனிங்ஸ், அதற்கு அடுத்த வாரம் மஹேல ஆடியது. பி. சரவணமுத்து மைதானம், தமிழ் யூனியன் கழகத்தின் தாய்வீடு. 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய இடமும் அதுதான். வெற்றி இலக்கு 352. நான்காவது இனிங்ஸ். மஹேல 123 அடித்தார். வெற்றிக்கு இன்னும் சில ஓட்டங்கள் இருக்கும்போது அவரும் போய்விட, கடைசியில் ஒரே ஒரு விக்கெட் மிச்சம் வைத்து இலங்கை வென்றது. 624ஐப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்த 123ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

இந்த வரிசையில் நான் அதிகம் மதிக்கும் ஆள் திலான் சமரவீர. ஓப் ஸ்பின் பந்துவீச்சாளராக வளர்ந்தவர். 2001இல் இந்தியாவுக்கு எதிராக எஸ்.எஸ்.சி.யில் அறிமுகமாகி, முதல் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 103. அழகான துடுப்பாட்டம் என்று யாரும் அவரைப் புகழ்ந்ததில்லை. மஹேலவின் மணிக்கட்டும் சங்கக்காரவின் கவர் டிரைவும் எல்லார் கண்ணிலும் நிற்கும். சமரவீர அவர்களுக்குப் பின்னால் வந்து, பந்தை உடம்புக்குக் கீழே விட்டு, ஒன்று ஒன்றாகச் சேர்ப்பார். 2009 பெப்ரவரியில் கராச்சியில் மஹேல 240, அவர் 231. நான்காவது விக்கெட்டுக்கு 437 ஓட்டங்கள், அன்றைக்கு உலக சாதனை. அடுத்த டெஸ்ட் லாகூரில். அங்கே 214, அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதம். அந்த டெஸ்டின் மூன்றாம் நாள் காலை, மார்ச் 3ஆம் திகதி, மைதானத்துக்குப் போகும் வழியில் வீரர்களின் பஸ்ஸைச் சுட்டார்கள். சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. ஜூலையில் காலியில் மறுபடி இறங்கினார். ஓகஸ்டில் நியூஸிலாந்துக்கு எதிராக அதே காலியில் 159, அடுத்த டெஸ்டில் எஸ்.எஸ்.சி.யில் 143. குண்டு பட்ட காலோடு எழுந்து நின்று சதம் அடித்தவன் இருக்கிற வரிசையை நான் வெறும் சராசரியால் அளக்க மாட்டேன்.

பிறகு அவரை அணியிலிருந்து விலக்கினார்கள். 2011 டிசம்பரில் தென்னாபிரிக்காவுக்குத் திரும்ப அழைத்தார்கள். டர்பனில் அவர் 102, சங்கக்கார 108. அந்த நாட்டு மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. அடுத்த டெஸ்டில், கேப் டவுனில், ஆட்டமிழக்காமல் 115.

இப்படிச் சொன்ன பிறகு கசப்பானதையும் சொல்ல வேண்டும். மஹேலவின் உள்நாட்டுச் சராசரி அறுபதைத் தொடும். வெளிநாட்டில் நாற்பதை எட்டவில்லை. எஸ்.எஸ்.சி.யில் மட்டும் 2921 ஓட்டங்கள். வெளியே ஓட்டம் அப்படிப் பெருகவில்லை. விதிவிலக்குகள் உண்டு. 2006இல் லோர்ட்ஸில் போலோ ஒன் வாங்கி 359 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் மஹேல 119 அடிக்க, அணி 199 ஓவர்கள் தாக்குப்பிடித்துத் தோல்வியைத் தவிர்த்தது. 2007இல் ஹோபார்ட்டில் 507 என்ற இலக்கைத் துரத்திய சங்கக்கார 192இல் நடுவரின் தவறான தீர்ப்பால் வெளியேறினார். அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால், இந்த வரிசை வீட்டில் புலி, வெளியில் சில நாள் மட்டும் புலி. சங்கக்கார மட்டும் எங்கும் புலிதான்: 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40.

இவர்களுக்கு முன்னால் அரவிந்த, அர்ஜுன, குருசிங்ஹ, ஹஷான் திலகரத்ன வரிசை இருந்தது. அதற்கும் முன்னால் ரோய் டயஸும் துலிப் மெண்டிஸும். 1982 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் மெண்டிஸ் இரண்டு இனிங்ஸிலும் 105 அடித்தார். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி பதுளையிலும் பண்டாரவளையிலும் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போன குடும்பங்கள் அப்போது தமிழ்நாட்டில் நிறைய இருந்தன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்து கிடந்த அந்தக் காலத்தில் மெண்டிஸின் இரண்டு சதங்களுக்கும் கடலின் இரு பக்கத்திலும் கைதட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, இந்தியா. மலையகத் தமிழன் ஒருவன் இந்தியாவைச் சொன்னால் உடனே வேறு கண்ணோடு பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் இலங்கை அணியின் ரசிகன். அதில் எனக்குச் சந்தேகம் எப்போதும் வந்ததில்லை. ஆனால் கிரிக்கெட்டைக் கிரிக்கெட்டாகப் பார்த்தால், நான் முதலிடம் கொடுப்பது 2001 முதல் 2004 வரை ஆடிய இந்திய மத்திய வரிசைக்குத்தான். கல்கத்தாவில் 274 பின்தங்கி, போலோ ஒன் ஆடி, லக்ஷ்மன் 281, டிராவிட் 180, 376 ஓட்ட இணைப்பாட்டம், கடைசியில் வெற்றி. அது உள்ளூர் என்று சொல்லலாம். 2002 ஹெடிங்லியை என்ன சொல்வது? மேகம் மூடிய வானம், பந்து சுற்றும் ஆடுகளம். நாணயச் சுழற்சியில் வென்று தாமே முதலில் துடுப்பெடுத்தாடினார்கள். டிராவிட் 148, சச்சின் 193, கங்குலி 128. இனிங்ஸ் வெற்றி. 2003 அடிலெயிட்? அவுஸ்திரேலியா 556. இந்தியா 85க்கு 4. டிராவிட்டும் லக்ஷ்மனும் 303 சேர்த்தார்கள். டிராவிட் 233, இரண்டாவது இனிங்ஸில் ஆட்டமிழக்காமல் 72, அவுஸ்திரேலிய மண்ணில் வெற்றி. அடுத்த மாதம் சிட்னியில் சச்சின் 241, கவர் டிரைவையே ஒதுக்கி வைத்துவிட்டு. நான்கு பேரில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் நின்றார்; அதுவும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு விதமாக.

இதே நால்வரும் 2008இல் இங்கே வந்தபோது முரளியும் புதுமுகம் அஜந்த மெண்டிஸும் அவர்களைத் திணறடித்தார்கள். மூன்று டெஸ்டில் மெண்டிஸுக்கு 26 விக்கெட். இந்தியாவுக்கு ஒரே ஒரு சதம், அதுவும் ஷேவாக்குடையது. அந்தத் தொடரின் முதல் டெஸ்டில் நம் பக்கம் மஹேல, சமரவீர, டில்ஷான் மூவரும் சதம். அந்த ஒரு மாதத்துக்கு நம்முடையவர்களே மேல். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாகிஸ்தானின் யூனிஸ், யூசுப், இன்சமாம் மூவரும் என்னிடம் நெடுநேரம் வாதாடக்கூடியவர்கள்; யூசுப் 2006இல் ஒரே வருடத்தில் 1788 ஓட்டங்கள் குவித்தார். அம்லா, கலிஸ், டி வில்லியர்ஸ் வரிசையும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவுக்கு ஸ்டீவ் வோவும் பொன்டிங்கும் இருந்தார்கள். ஏழாம் இலக்கத்தில் கில்கிறிஸ்ட் வருவார் என்பதே எதிரணிக்குப் பாதித் தோல்வி.

ஆனால் இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்தது இவர்களுக்காக அல்ல.

பார்படோஸ் கரும்புத் தோட்டங்களின் தீவு. அந்தச் சின்னத் தீவில் பதினெட்டு மாத இடைவெளிக்குள் மூன்று பேர் பிறந்தார்கள்: பிராங்க் வொரல், எவர்ட்டன் வீக்ஸ், கிளைட் வோல்கொட். மூவரும் 1948இல் ஒரே தொடரில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்டுக்கு வந்தார்கள். வீக்ஸ் தொடர்ந்து ஐந்து இனிங்ஸில் சதம் அடித்து, ஆறாவதற்குச் சேப்பாக்கத்தில் 90இல் ரன் அவுட் ஆனார். 1954இல் போர்ட் ஒஃப் ஸ்பெயினில் சணல் மெட்டிங் விரித்த ஆடுகளத்தில் ஒரே இனிங்ஸில் வீக்ஸ் 206, வொரல் 167, வோல்கொட் 124. மெட்டிங்கில் ஆடி வளர்ந்த பையன்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

வீக்ஸ் ஏழைக் குடும்பம். பெரிய கழகங்களில் அவருக்கு இடமில்லை. நிறமும் வகுப்பும் கதவை மூடின. உழைக்கும் மக்களுக்காகவும் கிராமத்தவர்களுக்காகவும் 1936இல் ஆரம்பித்த பார்படோஸ் கிரிக்கெட் லீக்கில்தான் அவர் ஆடினார்.

மூவரில் வோல்கொட் இன்னொரு காரியம் செய்தார். 1954இல் பிரித்தானிய கயானாவுக்குப் போய், அங்கே சர்க்கரைத் தோட்டங்களில் கிரிக்கெட்டை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்ந்த தோட்டங்கள் அவை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் அவர்களில் உண்டு. லயங்களும் துரையும் கணக்குப் புத்தகமும் நமக்குப் புதிதல்ல. பெர்பீஸ் பகுதியில் போர்ட் மொரான்ட் என்று ஒரு தோட்டம். ரொஹான் கன்ஹாய், ஜோ சொலமன், பேசில் புச்சர் மூவரும் அந்த ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். கன்ஹாயும் சொலமனும் இந்தியத் தொழிலாளர் வழி வந்தவர்கள். புச்சர் ஆபிரிக்க வழி வந்தவர். மூவரும் மத்திய வரிசைத் துடுப்பாட்ட வீரர்கள்.

1958 டிசம்பர் 31ஆம் திகதி கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் தொடங்கிய டெஸ்டின் ஸ்கோர் அட்டையை எடுத்துப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகள் 5 விக்கெட்டுக்கு 614. மூன்றாம் இலக்கம் கன்ஹாய் 256. ஐந்தாம் இலக்கம் புச்சர் 103. ஆறாம் இலக்கம் கேரி சோபர்ஸ் ஆட்டமிழக்காமல் 106. ஏழாம் இலக்கம் சொலமன் ஆட்டமிழக்காமல் 69. ஒரே தோட்டத்து மூன்று பிள்ளைகள், ஒரே டெஸ்ட் இனிங்ஸில், 428 ஓட்டங்கள். அவர்களில் இருவருக்கு அது முன்னோர் விட்டுப்போன நாடு. அதே தொடரில் புச்சர் சென்னையில் 142, சொலமன் டெல்லியில் ஆட்டமிழக்காமல் 100. கன்ஹாயின் ஆட்டத்தில் மயங்கிய சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு ரொஹான் என்று பெயர் வைத்தார். 1960இல் பிரிஸ்பேனில் வரலாற்றின் முதல் சமநிலை டெஸ்டைக் கடைசி ரன் அவுட்டால் முடித்துவைத்தது சொலமனின் எறி.

இதை முதன்முதல் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கிரிக்கெட் வராது, உடம்பு காணாது, நேரம் இல்லை என்று நாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த எல்லாவற்றுக்கும் அந்த ஸ்கோர் அட்டையில் பதில் இருக்கிறது.

ஊவாவில் நாம் எதை விளையாடுகிறோம்? தீபாவளிக்கோ சித்திரைக்கோ ஒரு சுற்றுப்போட்டி. மென்பந்து. ஆறு ஓவர், மிஞ்சினால் பத்து. மைதானம் பெரும்பாலும் ஸ்டோருக்கு மேலே வெட்டிய ஒரு மேடை. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் கொழுந்து மலை. எங்கள் மைதானத்தில் பந்து தேயிலைக்குள் போனால் நான்கு, கானுக்குள் விழுந்தால் இரண்டு. ஓகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது தூக்கி அடித்த பந்து எந்த மலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. மழைக் காலத்தில் பந்து தேடப் போன பையன் காலில் அட்டையோடு திரும்புவான். அந்த ஆட்டத்தில் ஐந்தாம் இலக்கத்தில் வருகிறவனுக்குக் கிடைப்பது ஏழு எட்டுப் பந்து. முதல் பந்திலிருந்தே சுழற்ற வேண்டும். தடுத்து ஆடினால் வெளியிலிருந்து கத்துவார்கள். 85க்கு 4 என்ற நிலையில் ஒருநாள் முழுக்க நிற்பது எப்படி என்பதை அவன் எங்கே கற்பான்?

மணிக்கட்டு இருக்கிறது. பந்தைச் சீக்கிரம் பார்க்கும் கண் இருக்கிறது. லுணுகலைப் பக்கத்தில் ஒரு பையன் கரடுமுரடான தரையில் எழும்பிய பந்தைப் பின்காலில் நின்று, மட்டையைத் தளர்த்திப் பிடித்து, காலடியில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மென்பந்தில் அப்படி ஆட வேண்டிய தேவையே இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அந்தப் பந்துக்கு ஓட்டம் கிடைக்கவில்லை. அவன் அணிக்காரனே “அடிடா தம்பி, ஓவர் முடியுது!” என்று கத்தினான். அடுத்த பந்தைத் தூக்கி அடித்துப் பிடிகொடுத்துப் போய்விட்டான்.

இலங்கையில் டெஸ்ட் நடந்த மைதானங்கள் எட்டு: கொழும்பில் நான்கு, மொரட்டுவை, காலி, கண்டி அஸ்கிரிய, பல்லேகல. ஊவாவில் ஒன்றுமில்லை. 2012இல் இலங்கை பிரீமியர் லீக்கை வென்றது ஊவா நெக்ஸ்ட் என்ற அணி. பெயரில் ஊவா இருந்தது. ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலயிலும் நடந்தன. டெஸ்ட் மைதானம் கேட்பது இன்றைக்குப் பெரிய ஆசை. நான் கேட்பது அதுவல்ல. போர்ட் மொரான்டுக்குக் கிடைத்ததைத்தான் கேட்கிறேன்: கடினப்பந்து, சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், நீளமாக ஆட நேரம்.

2024 மார்ச்சில் சில்ஹெட்டில் இலங்கை 57க்கு 5. தனஞ்சய டி சில்வாவும் கமிந்து மெண்டிஸும் சேர்ந்து 202 எடுத்தார்கள். இருவரும் இரண்டு இனிங்ஸிலும் சதம். ஆறுமாதம் கழித்து கமிந்து தன் 13ஆவது இனிங்ஸில் ஆயிரம் ஓட்டங்களைத் தொட்டு, பிராட்மனுக்குச் சமமாக நின்றார். 57க்கு 5 என்று தெரிந்தும் முதல் அரை மணிநேரம் தடுத்து ஆடுவது ஒரு பயிற்சி. பள்ளிக்கூடக் காலத்திலேயே இரண்டு நாள் போட்டிகளை ஆடியவனுக்குத்தான் அது வரும்.

ஆகவே பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்து விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுப்போட்டிக்கு நாம் சேர்க்கும் காசில் கிண்ணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போவதில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒரு கொங்கிரீட் தளம், ஒரு கயிற்று மெட்டிங், இரண்டு சோடி பேட், ஒரு ஹெல்மட். தோட்ட நிர்வாகத்திடம் இடம் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு போட்டியாவது, இரண்டு இனிங்ஸ், சனியும் ஞாயிறும், கடினப்பந்தில் நடத்துங்கள். ஒருவன் இரண்டு மணிநேரம் நின்று இருபது ஓட்டம் எடுத்தால் அவனுக்கும் ஒரு பரிசு கொடுங்கள். முதல் போட்டிக்கான பந்துகளை நான் வாங்கித் தருகிறேன்.